படத்தில் ஐந்தாவது ஆள்

அந்தப் படத்தின் கீழே எழுதியிருப்பது பொய். எழுதியவருக்கு அது பொய் என்று தெரியும். தெரியாமல் எழுதியிருந்தால், தெரியாத ஒன்றை மூன்று மொழியில் பலகையில் அடித்துச் சுவரில் மாட்டியது இன்னும் பெரிய குற்றம்.

வரி இதுதான்: 'இங்கு வந்து சேர்ந்த அனைவரும் பாதுகாப்பாகத் தமது குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.'

அந்தக் குடும்பத்தாரில் நான் ஒருவன். என்னிடம் யாரும் யாரையும் ஒப்படைக்கவில்லை.

நான் கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமையில் வான் ஓட்டுகிறவன். பதினான்கு பேர் உட்காரும் வான். சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள், விடுமுறைக்கு வடக்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், யார் கூப்பிட்டாலும் போவேன். போர் முடிந்து பாதை திறந்ததிலிருந்து வடக்குப் பயணம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று ஏறிப் போவோம். ஒரு விகாரை, ஒரு கோயில், ஒரு கடற்கரை பார்ப்பார்கள். கடைசியில் கடலேரி ஓரத்தில் இருக்கும் போர்க்கள நினைவிடம். அங்கே துருப்பிடித்த வாகனங்களை வெள்ளைக் கல் அடுக்கிய பாத்திக்குள் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு தூண், ஒரு பெயர்ச்சுவர், ஒரு மண்டபம், ஒரு தேநீர்க் கடை.

பத்துத் தடவை அங்கே ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். பத்துத் தடவையும் உள்ளே போகவில்லை. வானை வேம்பு நிழலில் விட்டு, சீட்டைச் சாய்த்து, துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். கோபத்தால் என்று சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும், பார்க்க வேண்டாம் என்று இருந்தது. அவ்வளவுதான்.

ஒரு தடவை வானில் வந்த ஒருவர் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்: "டிரைவர் தம்பி வர மாட்டான். அவனுடைய ஆட்கள் தோற்ற இடம் இல்லையா?"

"இல்லை சேர், எங்கள் ஆட்கள் தோற்ற இடம் மடுல்கெல்லையில், தேயிலைக்குள் இருக்கிறது. அங்கே போக டிக்கட் இல்லை" என்றேன்.

வான் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் தொழிலில் சிரிக்கத் தெரியாவிட்டால் அடுத்த பயணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

பதினோராவது தடவை உள்ளே போனதற்குக் காரணம் ஒரு அம்மாவின் முழங்கால். வத்தேகமைக்கு மேலே மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் சிங்கள அம்மா. அவருடைய மூத்த மகன் ஆமியில் இருந்து வடக்கே செத்தவன். வருடத்துக்கு ஒரு தடவை அந்தச் சுவரில் அவன் பெயரைத் தொட்டுவிட்டு வருவார். முன்பெல்லாம் இளைய மகன் கூட்டிப் போவான். அவன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார். ஊர்ப் பெண்கள் சிலரும் கூட வந்தார்கள். இறங்கியதும் அவர்கள் தேநீர்க் கடைப் பக்கம் போய்விட்டார்கள். அம்மாவுக்குப் படி ஏற முடியவில்லை.

"புதே, கையைக் கொஞ்சம் பிடி. சுவர் வரைக்கும் போதும்" என்றார். புதே என்றால் மகனே.

பிடித்துக்கொண்டு போனேன். கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து. பதவி, இலக்கம், பெயர். அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. நேராகப் போய் விரலை வைத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். சேலைத் தலைப்பால் அந்த ஒரு பெயரை மட்டும் துடைத்தார். அழவில்லை. "வெயிலில் கல் சுடுகிறது" என்றார்.

அந்தச் சுவரைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. பெற்றவளுக்குத் தொட ஒரு இடம் வேண்டும். இருக்கிறது. நல்லது.

வெயிலுக்கு ஒதுங்கத்தான் மண்டபத்துக்குள் கூட்டிப் போனேன். உள்ளே பெரிய மின்விசிறி. சுவர் முழுக்க வரைபடங்கள், சிவப்பு அம்புக்குறிகள். அம்புகள் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து புறப்பட்டன. எந்தப் படத்திலும் அம்பு போன பாதையில் ஒரு வீடு இல்லை. சிங்களத்தில் முழுப் பக்கம் எழுதியிருந்த இடத்தில் தமிழில் நாலு வரி. பிடித்த துப்பாக்கிகளைக் கண்ணாடிக்குள் வைத்து ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டியிருந்தார்கள். எந்த நாட்டில் செய்தது, எங்கே பிடித்தது, எந்தத் திகதி என்று. ஒரு துப்பாக்கிக்கு அவ்வளவு விபரம். சின்னப் பிள்ளைகளை இயக்கம் பிடித்துப் போனதற்கு ஒரு பலகை. அது பொய் இல்லை. என் சித்தியின் மகளை இயக்கம் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனது. ஆனால் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய மற்றப் பலகைகள் இல்லை. அந்த மண்டபத்தை நம்பினால், அத்தனை வருடப் போரில் ஒரு பக்கத்தார் சுட்ட ஷெல் எதுவும் ஓர் ஆளின் மீதும் விழவில்லை.

கடைசிச் சுவரில் அந்தப் படம் இருந்தது. கதவளவு பெரியது. கடலேரியைக் கடந்து வந்த சனம். இடுப்பு வரை ஈரம். வரிசையாக மணல் மேட்டில் ஏறுகிறார்கள். இடப்பக்கம் ஒரு ஆமிக்காரர் குனிந்து ஒரு பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிறார். பிள்ளைக்குப் பின்னால் தாய். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர், பிறகு தலையில் சூட்கேஸ் வைத்த ஒரு பெண். ஐந்தாவதாக ஒரு ஆண். குனிந்த தலை, முகம் தெரியாது. முதுகில் ஒரு யூரியாச் சாக்கு.

எல்லோரும் மூட்டையைத் தலையில் வைத்திருந்தார்கள், அல்லது தோளில், அல்லது கையில். அவன் மட்டும் சாக்கின் இரண்டு காதிலும் கயிறு கட்டி, கயிற்றை உச்சந்தலையில் போட்டு, சாக்கை முதுகில் தொங்கவிட்டிருந்தான். கயிற்றுக்கும் தலைக்கும் நடுவில் மடித்த துணி. இடது கை காதுக்கு மேலே கயிற்றைப் பிடித்திருந்தது.

வடக்கில் யாரும் அப்படிச் சுமப்பதில்லை. தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற பொம்பளைகள் அப்படிச் சுமப்பார்கள். ஆம்பிளைகள் சுமக்க மாட்டார்கள். ஒருத்தனைத் தவிர.

என் அண்ணன் பத்து வயதில் விறகொடிக்க சவுக்கு மரத்தில் ஏறி விழுந்தான். வலது பக்கத்துக் காறை எலும்பு உடைந்தது. தோட்டத்து மருந்துக்காரர் ஒரு துணியால் கட்டி அனுப்பினார். எலும்பு கோணலாக ஒட்டிக்கொண்டது. வலது தோள் சரிந்துபோய், எந்தப் பை போட்டாலும் வழுக்கி விழும். அதனால் அம்மாவின் கொழுந்துச் சாக்கை மலையிலிருந்து மடுவத்துக்கு நிறுக்கக் கொண்டுபோகும்போது அம்மா மாதிரியே தலையில் கயிறு போட்டுச் சுமந்தான். மடுவத்தில் நிற்கிற ஆட்கள் விட மாட்டார்கள்.

"ஏன்டி, ஒனக்கு எத்தன கிலோ கொழுந்து இன்னைக்கி? கணக்குல பேர் போட்டாச்சா?"

"பேர் போட்டா நீ என் சாக்க தூக்கிட்டு வருவியாடா? ஒனக்கு எந்தத் தோளு கோணல்?" என்பான் அண்ணன்.

வெட்கப்பட்டதே இல்லை. பெரியவனான பிறகும் அரிசி மூட்டை, சீமெந்து மூட்டை எதுவானாலும் அப்படித்தான். தமிழ் ஆட்களின் லயங்களை எரித்த கலவரத்துக்கு அடுத்த வருடம் சித்தப்பா குடும்பத்தோடு வடக்கே வன்னிக்குப் போனான். அங்கே காடு வெட்டி, மற்றவர்களின் வயலில் வேலை செய்தான். அங்கே உள்ளவர்கள் இளக்காரமாக வைத்த பெயர் தோட்டக்காட்டான். வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். பிறகு அதுவும் வரவில்லை.

படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை. பசி வந்தது. காலையில் சாப்பிட்ட பாண் மட்டும்தான் என்று ஞாபகம் வந்தது. பத்துத் தடவை இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் துவாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன் என்பதும் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே அளவில்தான் உறைத்தன.

"என்ன பார்க்கிறாய் புதே?" என்று மிளகுத் தோட்டத்து அம்மா கேட்டார்.

"இது என் அண்ணன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "முகம் தெரியவில்லையே."

"முகம் வேண்டாம் அம்மே."

பிறகு கீழே சிங்களத்தில் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். அனைவரும் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டனர். "அப்போ அண்ணன் வீட்டில் இருக்கிறானா?" என்றார். கேட்ட பிறகு அவருக்கே விளங்கியது. என் கையை விட்டுவிட்டு, பிறகு திரும்பப் பிடித்துக்கொண்டார்.

போனில் படத்தை எடுத்துக்கொண்டேன். வானை எடுத்தேன். பாட்டுப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

அக்கா மடுல்கெல்லையில்தான் இருக்கிறாள். நாங்கள் பிறந்த அதே லயம், தோட்டத்து வரிசை வீடு. இன்னும் கொழுந்தெடுக்கிறாள். அவளுக்கு இதைச் சொல்வது எப்படி என்று யோசித்தேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அண்ணன் செத்தவன்.

போர் முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்த சித்திதான் கடைசியாக அவனைப் பற்றிச் சொன்னாள். சித்தப்பா முந்தியே ஷெல்லில் போய்விட்டார். சித்தியும் அண்ணனும் ஒன்றாகக் கடலேரியில் இறங்கினார்கள். "பின்னாலதான் வந்தான், சாக்கோட. நான் கரையேறித் திரும்பிப் பாத்தேன், காணோம்" என்றாள். தண்ணீரில் போயிருப்பான் என்று நாங்கள் முடிவு செய்தோம். அவள் அதை மறுக்கவில்லை. இப்போது அவளும் இல்லை.

நாங்கள் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். காணாமல் போனவர்களின் வீட்டார் முறைப்பாடு எழுதினார்கள், படத்தை வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். நாங்கள் போகவில்லை. அது வடக்கு ஆட்களுக்கு உரியது என்று நினைத்தோம். தோட்டத்துக்காரர்களுக்கு அதில் இடம் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அண்ணனின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. மண்டபத்தைக் குறை சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும்.

முறைப்பாட்டுக்குப் பதிலாக நாங்கள் செய்தது படையல். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் செத்தவர்களுக்கு இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, புது உடுப்பு வைத்துக் கும்பிடுவது எங்கள் லயத்து வழக்கம். அப்பாவுக்கு ஒரு இலை. அம்மா போன பிறகு இரண்டு. சித்தி வந்து சொன்ன வருடமே அக்கா மூன்றாவது இலையைப் போட்டாள். அண்ணனுக்கு. ஒரு சாரம், ஒரு சட்டை, கருவாட்டுக் குழம்பு, ஒரு கட்டுப் பீடி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் போனை அவளிடம் கொடுத்தபோது அவள் அடுப்படியில் நின்றாள். திரையைப் பார்த்தாள். போனைத் தூரமாகப் பிடித்தாள், கிட்டக் கொண்டுவந்தாள்.

"யாரு இது?"

"நீயே பாரு."

பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். "எங்க இருக்கு இந்தப் படம்?"

சொன்னேன்.

"கூட்டிட்டுப் போ" என்றாள்.

அடுத்த போயா லீவுக்கு, பௌர்ணமி அன்று, வெறும் வானில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். அக்கா முன் சீட்டில். மாத்தளை தாண்டும் வரை அடுத்த வீட்டு நாய் கோழி பிடித்ததைப் பற்றிப் பேசினாள்.

மண்டபத்தில் அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. நேராகக் கடைசிச் சுவர். முதலில் கயிற்றைப் பார்த்தாள். பிறகு முடிச்சு. பிறகு கை.

"எடது கையால புடிச்சிருக்கான் பாரு. சோத்துக் கைய மேல தூக்க மாட்டான், வலிக்கும். துணிய மூணா மடிச்சிருக்கான், அம்மா மடிக்கிற மாதிரி." பிறகு படத்தைத் திட்டத் தொடங்கினாள். "மூதேவி, தலைய ஒரு தடவ தூக்கினா என்னாடா? போட்டா புடிக்கிறான்னு தெரியல? எத்தன பேரு நிமிந்து பாக்கிறான்!"

மண்டபத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி, இது கரை தானே?" என்றாள்.

"கரைதான்."

"ஆமிக்காரன் நிக்கிறான் தானே?"

"நிக்கிறான்."

"அப்ப தண்ணியில போகல." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உசுரோட வந்து நிக்கிறவனுக்கா நான் எல போட்டேன்?"

வாசல் மேசையில் ஒரு இளம் ஆமிக்காரர் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். எழுந்து வந்து அக்காவுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். எந்த ஊர் என்று கேட்டார். வத்தேகம என்றதும், "அட, நான் பக்கத்துத் தெல்தெனிய" என்றார். நான் கேட்டது மூன்று கேள்விதான். இந்தப் படம் எந்தத் திகதி எடுத்தது? இதில் இருப்பவர்களை எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள்? குடும்பத்தாரிடம் ஒப்படைத்த பட்டியல் எங்கே?

"அண்ணே, நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துப் படம் இது. எனக்கு என்ன தெரியும்? கடிதம் எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கம் இருக்கிறதா?"

"இல்லை."

"அதுதான் கஷ்டம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதை வைத்து நான் என்ன செய்வது?

எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. மிளகுத் தோட்டத்து அம்மாதான் கடிதத்தை எழுதினார். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில், அழகான எழுத்தில் எழுதினார். எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு கடைசியில், என் கையெழுத்துக்குக் கீழே, தன் மகனின் பெயரையும் ஆமி இலக்கத்தையும் எழுதி, 'இவரின் தாய்' என்று கையெழுத்துப் போட்டார்.

"இதைப் பார்த்தாவது பதில் போடுவார்கள்" என்றார்.

பதிவுத் தபாலில் போட்டேன். எனக்கும் பதில் போடவில்லை, அவருக்கும் போடவில்லை. இரண்டாவது கடிதத்துக்கும் இல்லை. மூன்றாவது கடிதத்தை அவர் எழுத மறுத்துவிட்டார். என் மேல் கோபம் இல்லை. "என் மகனின் இலக்கத்துக்கே பதில் இல்லை என்றால் நான் யாருக்கு எழுதுவது?" என்றார்.

இனி மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன். பேராதனை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் லீவுக்கு என் வானில் ஊருக்குப் போவார். அவரிடம் போன் படத்தைக் காட்டினேன். எலும்பு பார்க்கிறவர் என்பதால் காட்டினேன்.

"ஓம் அண்ணை, இந்தத் தோள் சரிஞ்சுதான் கிடக்கு. காறையெலும்பு பிழையா ஒட்டினால் இப்பிடித்தான் நிக்கும். ஆனா படத்தை வைச்சு நான் சத்தியம் பண்ண மாட்டன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்தப் படத்தை நான் வேற இடத்திலயும் கண்டனான்" என்றார்.

தன் போனில் தேடிக் காட்டினார். வெளிநாட்டில் இருக்கிற தமிழர்கள் நடத்துகிற ஒரு இணையப் பக்கம். அதே படம், இன்னும் அகலமாக. கீழே எழுதியிருந்தது: 'இந்தப் படத்தில் உள்ள அனைவரும் அன்றே கொல்லப்பட்டனர். எங்கள் மண்ணின் மைந்தர்களுக்கு வீரவணக்கம்.'

வன்னியில் இருந்த காலம் முழுக்கத் தோட்டக்காட்டான். படத்தில் மட்டும் மண்ணின் மைந்தன். அந்தப் பக்கத்தில் இயக்கம் பிள்ளை பிடித்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. தேடிப் பார்த்தேன். சித்தியின் மகள் அங்கேயும் இல்லை.

எக்ஸ்ரேக்காரர் மூலம் அந்தப் படத்தின் கீழேயே அவர்களுக்கும் எழுதினேன். ஐந்தாவது ஆள் என் அண்ணன், அன்றே கொல்லப்பட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னது, கண்டவர் யார், அவரோடு பேச முடியுமா என்று கேட்டேன். ஒரே நாளில் பதில் வந்தது. உங்கள் துயரத்தில் பங்கெடுக்கிறோம், ஆனால் இப்படியான கேள்விகள் எதிரிக்குத்தான் உதவும் என்றார்கள். நான் படத்தின் கீழே எழுதியதை அழித்துவிட்டார்கள்.

"விடுங்கோ அண்ணை. இவையளுக்குப் படம் வேணும், ஆள் வேண்டாம்" என்றார் எக்ஸ்ரேக்காரர். அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர் வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை அது.

ஆக ஒரு சுவரில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு சுவரில் எல்லோரும் அன்றைக்கே செத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. அண்ணன் நடுவில் சாக்கோடு நிற்கிறான்.

அதற்குப் பிறகு வந்த தீபாவளிக்கு நான் லயத்துக்குப் போனேன். அக்கா இரண்டு இலை போட்டாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போட்டால், உயிரோடு இருக்கிறவனுக்குப் படைத்த பாவம். போடாவிட்டால், செத்தவனைப் பட்டினி போட்ட பாவம். இலையைத் திரும்ப மடித்து அரிசி வாளிக்குப் பின்னால் சொருகிவிட்டாள். வாங்கிய சட்டை அலுமாரியில் கிடக்கிறது.

இந்த வருடம் ஒரு பாடசாலை ஆசிரியர்கள் கூட்டத்தோடு திரும்பவும் அங்கே போனேன். துவாயை எடுக்கவில்லை. நேராக உள்ளே போனேன். மண்டபத்துக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள். கடைசிச் சுவரில் படம் இன்னும் பெரியதாக, இன்னும் பளபளப்பாக இருந்தது. ஆமிக்காரர், தண்ணீர்ப் போத்தல், பிள்ளை, தாய், கிழவர். அதோடு படம் முடிந்தது. சூட்கேஸ் வைத்திருந்த பெண்ணின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. ஐந்தாவது ஆள் இல்லை.

கீழே அதே வரி. அனைவரும்.

மேசையில் அதே தெல்தெனியக்காரர்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் கேட்கும் முன்பே கையை விரித்தார்.

"புதுப்பிக்கச் சொல்லி மேலே இருந்து வந்தது அண்ணே. சுவர் அளவுக்கு வெட்டினார்கள் போல."

"சுவர் முந்தியும் இதே அளவுதானே?"

அவர் மேசையைப் பார்த்தார். "அண்ணே, எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது" என்றார்.

வெளியே வந்தேன். ஆசிரியர்கள் தூணுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் ஒரு படம் எடுக்கச் சொல்லிப் போனைத் தந்தார்கள். எடுத்தேன். ஓரத்தில் நின்ற ஒருவர் வெட்டுப்படாமல் பார்த்து, இரண்டு தடவை எடுத்தேன்.

அக்காவிடம் இதை ஒரு கிழமை கழித்துத்தான் சொன்னேன். "வெட்டிட்டாங்களா?" என்றாள். "ம்" என்றேன். "அப்ப கடுதாசிய வாசிச்சிருக்காங்க" என்றாள். அதை நான் யோசித்திருக்கவில்லை. அவள் சொன்னது சரியாக இருக்கலாம். தற்செயலாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத நான் அந்தப் பலகைக்காரர் இல்லை.

படத்தை வெட்டியதால் ஒன்றும் முடியவில்லை. முழுப் படம் என் போனில் இருக்கிறது, அக்காவின் போனில் இருக்கிறது, எக்ஸ்ரேக்காரரிடம் இருக்கிறது. மிளகுத் தோட்டத்து அம்மா கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் அச்சடித்துத் தன் மகனின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவராகச் செய்தார்.

இப்போது அந்தப் பலகையை எழுதியவரிடம் கேட்கிறேன். எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது. என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டுத் தேநீர் தரவும் வேண்டாம். நீங்கள் ஊரறியச் சொன்னதற்கு ஊரறியப் பதில் சொல்லுங்கள். எந்தத் திகதி எடுத்த படம்? ஐந்தாவது ஆளை மணல் மேட்டிலிருந்து எங்கே கொண்டுபோனீர்கள்? எந்தக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தீர்கள், வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவர் யார்? துப்பாக்கிகளுக்கு எழுதி ஒட்டிய அதே விபரம் போதும். அதே சுவரில், வெட்டாத படத்தின் கீழே, மூன்று மொழியிலும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். 'அனைவரும்' என்பதை எடுத்துவிடுங்கள்.

அன்றே கொல்லப்பட்டார் என்று எழுதியவர்களிடமும் இதையே கேட்கிறேன். கண்டவர் யார்? உங்கள் பக்கத்திலேயே சொல்லுங்கள், அழிக்காமல்.

தீபாவளிக்கு முன்னால் வேண்டும். எத்தனை இலை போடுவது என்று அக்கா கேட்கிறாள். பதில் சொல்லுங்கள்.